ஐந்தாவது கூட்டத்தின் டோக்கன்

"இந்தப் பன்னண்டு வார்த்தைதான் உங்க வாலட்டுக்கு, அதான் போன்ல டோக்கன் வெக்கற பைக்கு, சாவி. இந்த அட்டையில எழுதிக்குங்க. போட்டோ புடிக்காதீங்க, வாட்ஸப்ல யாருக்கும் அனுப்பாதீங்க" என்று தெய்வசிகாமணி முப்பத்தோராவது ஆளுக்குச் சொன்னார். சொன்னது வாய்தான். மனசு ஹாலுக்குள்ளே மூன்றாவது வரிசையில் மஞ்சள் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்த மகள் மிருதுளாவிடம் போய் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் எழுந்து வரமாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து ஐந்து. அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடி, கிரிப்டோ குழுவின் மாதக் கூட்டம். ஹால் வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தெய்வசிகாமணி, வயது நாற்பத்தொன்பது, மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், கழுத்தில் 'தன்னார்வலர்' என்று எழுதின பட்டை. பதினொன்றேகாலுக்கு உள்ளே பெரிய திரையில் இதுவரை பொன் டோக்கன் வாங்கினவர்களின் பட்டியல் போடுவார்கள். பதினோரு பெயர். ஏழாவது பெயர் இவருடையது. பெயருக்குப் பக்கத்தில் டோக்கன் வாங்கின தேதி, போன வருஷம் ஜூன் ஒன்பது. தேதிக்குப் பக்கத்தில் நேரம், காலை பதினொன்று இருபத்திரண்டு. அந்தத் தேதி என்ன தேதி என்று மூன்றாவது வரிசைக்காரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, அவள் அம்மா கலாமணி ஆஸ்பத்திரியில் செத்துப்போன தேதி. நேரமும் ஏறக்குறைய அதேதான். அந்த நேரத்தில் அப்பா கீழே இன்சூரன்ஸ் கவுண்டரில் வரிசையில் நின்றார் என்றுதான் அவள் பதினாலு மாசமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் இவர் சொல்லிவைத்திருக்கிறார்.

ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் இருக்கிறது. அடுத்த ஆள் வந்துவிட்டார், வேட்டி சட்டை, நெற்றியில் சந்தனம், யாரோ மருமகன் அனுப்பிவைத்திருப்பான் போல. "ஏனுங்க, இந்த டோக்கனை வெச்சு என்னங்க வாங்கலாம்?" என்றார். "ஒண்ணும் வாங்க முடியாதுங்க." "விக்கலாமுங்களா?" "விக்கவும் முடியாதுங்க. நீங்க இந்தக் கூட்டத்துக்கு வந்தீங்கங்கறதுக்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவுதான். சும்மாதான் குடுக்கறோம்." "அப்புறம் எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று அந்த மனுசன் சிரித்தார். நல்ல கேள்விதான். கலாமணியும் இதையே கேட்டாள், இன்னும் கொஞ்சம் நக்கலாக. மாசத்துக்கு ஒரு ஞாயிறு இவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மத்தியானம் திரும்பிவந்து, போனில் ஒரு வட்டமான படத்தைக் காட்டினால், "ஓ, இந்த மாசக் காத்து வந்திருச்சுங்களா? பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்பாள். அவள் அந்த டோக்கன்களுக்கு வைத்த பேரே காத்துதான். கிரிப்டோ என்றால் என்ன, கணக்கு எப்படி எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது, ஒருதரம் ஏறினால் எவனாலும் ஏன் அழிக்க முடியாது என்று இவர் ஒருநாள் அரைமணி நேரம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், முழுசாகக் கேட்டாள், கடைசியில், "அப்ப நீங்க பொய் சொன்னா மாட்டிக்குவீங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னது இப்படியா வந்து நிற்கும்! "இங்க அமுத்துங்க" என்றார் தெய்வசிகாமணி சந்தனக்காரரிடம். "கேமராவைத் தொறங்க. ஆச்சுங்க. உள்ள போய் உக்காருங்க. பதினொண்ணேகாலுக்குத் திரையில கட்டம் போட்ட படம் வரும், அதை ஸ்கேன் பண்ணுங்க, டோக்கன் வந்துரும்."

பதினொன்றேகால் என்பது அஷ்வத் வைத்த சட்டம். அஷ்வத்துக்கு இருபத்தேழு வயது, இந்தக் குழுவை ஆரம்பித்தவன், நல்ல பையன், எல்லாரையும் அண்ணா அக்கா என்பான். முதலில் வாசலிலேயே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், ஸ்கேன் பண்ணினார்கள், சமோசாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்கள். உள்ளே பேச வந்தவன் காலி நாற்காலிகளுக்குப் பேசினான். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு, கூட்டம் பாதி நடக்கும்போது பத்தே நிமிஷம் திரையில் அந்தக் கட்டம் வரும், அப்போது ஹாலுக்குள் இருக்கிறவனுக்குத்தான் டோக்கன். இன்னொன்றும் வைத்தான். தொடர்ந்து ஐந்து கூட்டம் தவறாமல் வந்தால் ஐந்தாவதில் பொன் டோக்கன். நடுவில் ஒன்று விட்டுப்போனால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், அதெல்லாம் கணக்கில் கிடையாது. தெய்வசிகாமணிக்குப் போன வருஷம் ஜூன் ஒன்பது ஐந்தாவது கூட்டம். அன்றைக்குக் கலாமணிக்கு ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். காய்ச்சல்தான், ரத்தத்தில் அணுக்கள் குறைந்துபோய்ப் படுத்தாள், மூன்று நாள் பயமுறுத்தினாள், நாலாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து தலை பின்னச் சொன்னாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். டாக்டரே சொன்னார். டாக்டர் சொல்லியிருக்காவிட்டால் போயிருப்பாரா? போயிருக்க மாட்டார். போயிருக்க மாட்டாரா? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தரமும் சிக்கிக்கொள்கிறது. பத்து மணிக்கு மிருதுளாவைக் கூப்பிட்டு, "அம்மாகூட இரு சாமி, இன்சூரன்ஸ் கவுண்டர்ல கூட்டமா இருக்குது, கையெழுத்துப் போட்டுட்டு வர்றப்ப உனக்கு டிபன் வாங்கிட்டு வந்தர்றேன்" என்றார். இன்சூரன்ஸ் கையெழுத்தை முந்தின நாளே போட்டாயிற்று. கலாமணி தலையணையில் சாய்ந்தபடி இவர் சட்டையைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. பார்த்தாளா, இல்லை பார்த்ததுபோல இவருக்குத் தோன்றுகிறதா? "வண்டியைப் பாத்து ஓட்டுங்க" என்றாள். கீழே கவுண்டருக்குப் போகிறவனிடம் எவளாவது வண்டியைப் பார்த்து ஓட்டு என்பாளா? அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, டிபன் வாங்க வண்டியில் போவார் என்று நினைத்திருப்பாள். இரண்டில் எது? கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆளில்லை.

"சார், எனக்குப் பன்னண்டுல பதினொண்ணுதான் வந்திருக்கு" என்றது ஒரு பெண். "தள்ளிவிட்டுப் பாரும்மா, கடைசி வார்த்தை கீழ இருக்கும்." இருந்தது. எழுதினாள். இந்த வார்த்தைகளைப் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று அஷ்வத் மேடையில் ஒரு ஜோக் அடிப்பான், ஹாலே சிரிக்கும், அந்த ஜோக்கை மட்டும் தெய்வசிகாமணி இந்த மேசையில் யாரிடமும் சொல்வதில்லை. கலாமணி போன அன்றைக்கு இந்த ஹாலுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார், ஐந்தாவது வரிசையில், போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு. சமோசா தின்றார். சூடாக இருந்தது, நல்ல சமோசா, இன்னொன்று எடுத்துக்கொண்டார். பதினொன்றேகாலுக்குக் கட்டம் வந்தது. நெட் மெதுவாக இருந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது, பதினொன்று இருபத்திரண்டுக்குப் பொன் வட்டம் போனில் வந்து விழுந்தது. எல்லாம் முடிந்து பதினொன்று ஐம்பதுக்குப் போனை எடுத்தால் மிருதுளா ஒன்பது தரம் கூப்பிட்டிருந்தாள். மாடிப்படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஒன்பது தரம் கூப்பிடுகிற பெண் இல்லை அவள். ஆஸ்பத்திரி ரூம் வாசலில் மச்சான் பொன்னுசாமி நின்றிருந்தார், கலாமணியின் அண்ணன், பத்து நிமிஷத்தில் சிங்காநல்லூரிலிருந்து வந்துவிட்டார் அந்த மனுசன். "எங்க மாப்ள போயிருந்தீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, அழுதுகொண்டே கேட்டார். தெய்வசிகாமணியின் வாய் தானாகத் திறந்து, "இன்சூரன்ஸ் வரிசையிலங்க" என்றது. அவ்வளவுதான், ஒரே தரம்தான் சொன்னார். அதற்கப்புறம் அவர் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. மற்றவர்களே சொன்னார்கள். பாவம், வரிசையில நின்னவரு, கடைசியா மொகத்தைக்கூடப் பாக்கல, இந்த ஆஸ்பத்திரிக்காரங்க நாசமாப் போக என்று சொந்தபந்தம் முழுக்க அவருக்காக அழுதது. இப்படி அடுத்தவர் பரிதாபத்தைத் திருடித் தின்கிறவன் உண்டா உலகத்தில்? தின்றார், வேறென்ன செய்வது. அத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு ஆறுதல். மிருதுளா அன்றைக்குச் சாயந்திரம் சொன்னாள், "தூங்குறாப்பலயே போயிட்டாங்கப்பா. என் கையைப் புடிச்சிட்டுத்தான் இருந்தாங்க." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பதினாலு மாசம் தூங்கி எழுந்திருக்கிறார். நான் இல்லாவிட்டால் என்ன, பிள்ளை இருந்தாள். பிள்ளை கை இருந்தது.

மணி பத்து நாற்பது. வரிசை குறைந்திருந்தது. கதவைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் துப்பட்டா தெரிந்தது, பக்கத்தில் இரண்டு காலேஜ் பிள்ளைகள், மிருதுளா எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு வந்தாள்? பதினாலு மாசத்தில் ஒருதரம்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். காலையில் காபியை வைத்துவிட்டு, "நானும் வரலாமுங்களாப்பா? வீட்ல தனியா ஒக்காந்திருக்க முடியல" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "வா சாமி" என்றார். சொன்னபிறகுதான் பட்டியல் ஞாபகம் வந்தது. யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களா? சந்தேகமா? சந்தேகம் என்றால் வீட்டிலேயே கேட்டிருப்பாளே. கேட்கமாட்டாள், அவள் அம்மாவுக்கு வாய், இவளுக்கு வாயே கிடையாது, எல்லாவற்றையும் உள்ளே போட்டு வைத்துக்கொள்வாள். அவள் திரையைப் பார்ப்பாள். அப்பா பேர் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்படுவாள், பக்கத்துப் பிள்ளையிடம் காட்டுவாள்கூட. அப்புறம் தேதியைப் பார்ப்பாள். காரியம் எல்லாம் முடிந்த அடுத்த மாசம், இவர் அஷ்வத்திடம் அந்தப் பொன் டோக்கனை எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. அவன் சிரித்தான். "அண்ணா, அழிக்க முடியாதுங்கறதுதானே இதுல பெருமையே!" சரி, முடியாது என்றால் அதோடு இந்தக் குழுவை விட்டுப் போய்விட வேண்டியதுதானே? போகவில்லை. மேசையில் உட்காரட்டுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் கலாமணி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட, அவள் சாகும்போது தான் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்திருப்பது எப்படியோ தேவலாம் என்று இருந்தது. கிறுக்குத்தனம்தான். ஆனால் பட்டியல்? டோக்கனைத்தானே அழிக்க முடியாது, பட்டியல் வெறும் படம்தானே, அஷ்வத் லேப்டாப்பில் செய்தது. ஒரு வரியை எடுத்தால் எடுத்ததுதான். இந்தச் சின்ன விஷயம் காலையிலிருந்து ஏன் புத்தியில் படவில்லை? எழுந்தார். உட்கார்ந்தார். என்ன காரணம் சொல்வது? மறுபடி எழுந்து, ஓரமாக உள்ளே போய், மேடைப் பக்கத்தில் குனிந்து அவன் காதில், "தம்பி, அந்தப் பொன் பட்டியல்ல என் பேரு மட்டும் இன்னைக்கு வேண்டாம்" என்றார். அவன் இவர் முகத்தைப் பார்த்தான், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிங்கண்ணா" என்றான், இரண்டு தட்டு தட்டினான், ஏழாவது பெயர் போய்விட்டது, எட்டாவது பெயர் மேலே ஏறிக்கொண்டது.

இவ்வளவுதானா? மேசைக்குத் திரும்பி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே குடித்தார். பிழைத்தோம் என்றிருந்தது. இரண்டு நிமிஷம் இருந்திருக்கும் அந்த நிம்மதி. அதற்கப்புறம் ஒரு வெறுமை வந்தது பாருங்கள், அப்பப்பா. இனி எப்போதுமே அவளுக்குத் தெரியப் போவதில்லை. அவள் படித்து முடிப்பாள், வேலைக்குப் போவாள், கல்யாணம் கட்டிக்கொள்வாள், ஒவ்வொரு வருஷமும் அம்மாவுக்குத் திதி கொடுக்கும்போது, "எங்கப்பா பாவம், வரிசைல நின்னுட்டிருந்தாரு" என்று மாப்பிள்ளையிடம் சொல்வாள், இவர் இலை முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். சாகிறவரைக்கும். பயம் இருந்தவரைக்கும் அது ஒரு துணைபோல இருந்திருக்கிறது, பயம் போனதும் உள்ளே இருந்த துக்கம் மொத்தமாக எழுந்து வந்துவிட்டது. கலாமணி, கலாமணி, நான் என்ன செய்ய, என்று அந்த மனுசன் தன்னார்வலர் பட்டையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோது, ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு மிருதுளா வெளியே வந்தாள். மணி பதினொன்று ஐந்து.

"எனக்கு அந்த வாலட் போடவே இல்லீங்கப்பா. வர்றப்ப கூட்டமா இருந்துச்சு, நேரா உள்ள போயிட்டேன். போட்டுக் குடுங்க" என்று போனை நீட்டினாள். வேறு யாரும் வரிசையில் இல்லை. இவர் போட்டுக் கொடுத்தார், கைப்பழக்கம், அது பாட்டுக்கு நடந்தது. பன்னிரண்டு வார்த்தைகள் வந்தன. அட்டையைக் கொடுத்தார். அவள் நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தாள். அவள் அம்மா மாதிரியே பேனாவை நுனியில் பிடிப்பாள். நாலு வார்த்தை எழுதினாள், ஐந்து எழுதினாள். தெய்வசிகாமணி சொல்லவேண்டும் என்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

"நான் வரிசைல நிக்கல சாமி" என்றார். "எந்த வரிசைலப்பா?" "அம்மா போன அன்னைக்கு. இன்சூரன்ஸ் கவுண்டருக்கே நான் போகல. இங்க வந்திருந்தேன். இதே ஹாலு. அன்னைக்கு வந்தா அஞ்சு கூட்டம் தொடர்ந்து வந்த கணக்கு, பொன் டோக்கன் குடுப்பாங்க. அதுக்கு வந்தேன். உங்கம்மா உசுரு போறப்ப நான் போனைப் புடிச்சு ஸ்கேன் பண்ணிட்டிருந்தேன்." பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. கத்துவாள், அட்டையைக் கிழித்து மூஞ்சியில் எறிவாள், எறியட்டும், இறங்கி மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், போகட்டும். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அங்க இல்லீங்கப்பா" என்றாள்.

இவருக்குப் புரியவில்லை. "எங்க இல்ல?" "ரூம்ல. கேண்டீன்ல இருந்தேன். நீங்க டிபன் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னீங்க. முந்தின நாள் ராத்திரியும் நான் சாப்பிடல. பத்தரை வரைக்கும் பாத்தேன், பதினொண்ணு வரைக்கும் பாத்தேன். அம்மாதான், மொகமெல்லாம் வாடிப்போச்சு, போய் ஒரு வாய் சாப்ட்டு வா கண்ணு, நான் எங்க போயிரப்போறேன்னாங்க." அட்டையில் எழுதின வார்த்தைகளை விரலால் தடவிக்கொண்டே மேலே சொன்னாள். "பூரி வாங்கினேன். ஒண்ணு தின்னுட்டு மேல போயிரலாம்னு தோணுச்சு. போகல. நல்லா இருந்துச்சுப்பா. ரெண்டாவதையும் தின்னுட்டு, கை கழுவிட்டுத்தான் போனேன். போனா நர்சுங்க எல்லாம் கட்டிலைச் சுத்தி நிக்கறாங்க." "கையைப் புடிச்சிட்டே இருந்தாங்கன்னு…" "பொய்யிங்கப்பா. நீங்க வந்து நின்ன நெலமையைப் பாத்து நானாச் சொன்னது."

அப்படியானால் அந்த ரூமில் யாரும் இல்லை. மேலே மின்விசிறி, மேசையில் சுடுதண்ணீர் பிளாஸ்க், கட்டிலில் கலாமணி, அவ்வளவுதான். தண்ணீர் கேட்டிருப்பாளா? பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாளா, யார் பெயரை? கதவைப் பார்த்திருப்பாளா? இருபத்தோரு வருஷம் கூட இருந்தவளைத் தன்னந்தனியாக அனுப்பியாயிற்று. இந்தப் பிள்ளை இதைப் பதினாலு மாசம் ஒற்றையாகச் சுமந்துகொண்டு அதே வீட்டில், அதே சமையல்கட்டில் இவருக்குச் சோறு போட்டிருக்கிறது. கடையில் பூரி வாங்கலாமா என்று இவர் கேட்டபோதெல்லாம் எண்ணெய் ஆகாதுப்பா என்பாள், இவரோ உடம்பு பெருத்துவிடும் என்று பயப்படுகிறாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்து விட்டுவிட்டார். உள்ளே அஷ்வத் மைக்கில், "எல்லாரும் போனை எடுங்க, பத்தே நிமிஷம்தான்" என்றான். நாற்காலிகள் நகர்கிற சத்தம் வந்தது. மிருதுளா நகரவில்லை. "பசிச்சாச் சாப்பிடாம என்ன சாமி பண்ணுவ? உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அவள் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கவேண்டிய கண்ணா அது! "அப்ப யாருமேலப்பா தப்பு?" என்றாள். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"என்மேல" என்றார் தெய்வசிகாமணி. "டிபன் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனவன் நான். நீ எந்திரிச்சுப் போனது என்னாலதான். உங்கம்மா தனியாப் போனதும் என்னாலதான். நீ இதை இனிமே தூக்கிட்டுத் திரியக்கூடாது. எங்கிட்டக் குடுத்துரு." "ஏனுங்கப்பா போனீங்க?" என்றாள். "அந்த டோக்கன்ல அப்படி என்னதான் இருக்குது?" பதினாலு மாசமாகத் தனக்குத்தானே ஆயிரம் பதில் சொல்லிப் பார்த்தாயிற்று. டாக்டர் சொன்னார், ஒரு மணி நேரம்தானே, ஐந்தாவது கூட்டம், என்றைக்காவது மதிப்பு வரும். இப்போது பிள்ளை முன்னால் ஒன்றும் நிற்கவில்லை. "ஒண்ணும் இல்ல சாமி. அதை வாங்குறவங்களை மேடைக்குக் கூப்புடுவாங்க. பேரைச் சொல்லுவாங்க. எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுவாங்க" என்றார். "கம்பெனில இருபத்தாறு வருஷமா இருக்கேன், ஒருத்தன் எனக்குக் கை தட்டினதில்ல. அதுக்குத்தான் போனேன். அதுக்காகத்தான் உங்கம்மாவை விட்டுட்டுப் போனேன்."

மிருதுளா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அப்புறம் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை, அன்றைக்கு வந்த சனத்துக்கெல்லாம் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தார். முதுகில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை, வைத்தார், அவள் தட்டிவிடவில்லை. படியேறி வந்த யாரோ ஒருவர், "சார், டோக்கன் குடுக்கறது இங்கதானுங்களா?" என்று கேட்டார். இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.